வாடை மீது பழி, வளவுக்குள் தீ

வாடைக்காற்று தொடங்கியதும் அறிக்கை வந்துவிடும். வட இந்தியாவிலிருந்து மாசடைந்த காற்று வருகிறது. யாழ்ப்பாணம் உட்படப் பல நகரங்களில் காற்றின் தரம் குறைந்துள்ளது. சுவாச நோயுள்ளவர்களும் சிறுவர்களும் அவதானமாக இருக்க வேண்டும். முகக்கவசம் அணிய வேண்டும். அத்துடன் கடமை முடிந்தது. நாலு நாளில் மழை பெய்யும், காற்று மாசு எண் இறங்கும், விடயம் மறக்கப்படும். அடுத்த வாடைக்குத் திகதி மாறிய அதே அறிக்கை திரும்ப வரும்.

காற்றை அளந்து எச்சரிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை நாம் குறை சொல்லவில்லை. அதன் வேலை அளப்பதும் அறிவிப்பதும். அதை அது செய்கிறது. அந்த அறிவிப்பைக் கையில் வாங்கிய பிறகு அசையாமல் இருப்பவர்களையே இங்கு கண்டிக்கிறோம். யாழ்ப்பாண மாநகர சபை, அதைச் சூழவுள்ள பிரதேச சபைகள், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வடக்கு மாகாண நிர்வாகம், சுகாதாரத் திணைக்களம், கல்வித் திணைக்களம் என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. காற்று அயல்நாட்டிலிருந்து வருகிறது என்ற ஓர் உண்மையை இவர்கள் சேர்ந்து ஒரு சாட்டாக்கிவிட்டார்கள்.

உண்மை என்னவென்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஒக்டோபர் நவம்பரில் சோளகம் ஓய்ந்து வடகீழ்க் காற்று பிடிக்கிறது. அந்த நேரத்தில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுவடைக்குப் பிந்திய தாள்கள் எரிகின்றன. அடுத்து வரும் குளிர்மாதங்களில் கங்கைச் சமவெளி முழுவதிலும் சூளை, வாகனம், அனல்மின் நிலையம், அடுப்பு ஆகியவற்றின் புகை மேலெழ வழியின்றி நிலத்தோடு தேங்கிக் கிடக்கிறது. வடகீழ்க் காற்று அதை வங்காள விரிகுடாவுக்குத் தள்ளி, கடல்வழியே தெற்கே கொண்டு வருகிறது. இலங்கையின் வடமுனையில், மலையோ காடோ மறிக்காத தட்டை நிலமாகக் கிடக்கும் குடாநாடு அதை முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறது.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் அன்று. சென்னையில் பிறந்த விஞ்ஞானி வீரபத்திரன் இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வு, 1999 ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், தெற்காசியாவின் குளிர்காலப் புகை கடலைக் கடந்து எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதை விமானம், கப்பல், தீவு நிலையங்கள் கொண்டு அளந்து காட்டியது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் எமது அலுவலகங்கள் ஒவ்வொரு வாடையையும் முதன்முதலில் காண்பதுபோல் திகைக்கின்றன.

2022 டிசெம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி நகர்ந்துகொண்டிருந்த நாட்களில் வடக்கின் வானம் மங்கியது; எதிரே இருந்த கட்டடம் தெரியவில்லை. டிசெம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. காற்று கெட்டதற்காகப் பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லும் நிலை டெல்லிக்கு உரியது என்று நினைத்திருந்த நாட்டுக்கு அது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எந்தச் சபை, எந்த அலுவலகம், எந்த நடைமுறையை மாற்றியது? பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

வெளியிலிருந்து புகை வருகிறது என்றால் அதிலிருந்து பெறவேண்டிய முடிவு ஒன்றுதான்: அந்த மாதங்களில் உள்ளூரில் ஒரு பிடி புகைகூடச் சேரக்கூடாது. வாய்வரை நிரம்பிய குடத்தில் மேலும் ஒரு செம்பு ஊற்றுகிறவன், குடத்தை நிரப்பியவன் நானில்லை என்று சொல்லித் தப்ப முடியுமா? எமது அதிகாரிகள் சொல்வது அதைத்தான். கங்கைச் சமவெளியின் புகையை நிறுத்த யாழ். மாநகர சபையால் முடியாது, ஒப்புக்கொள்கிறோம். தன் எல்லைக்குள் எரியும் குப்பையை நிறுத்த முடியாது என்று அது சொன்னால், ஒப்புக்கொள்ள மாட்டோம்.

குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மழை நாளில் காற்று கழுவப்படுகிறது. மழை விட்ட இடைவெளிகளிலும், தை, மாசியிலும் சிக்கல் முற்றுகிறது. அக்காலத்தில் வானம் வெளித்திருக்கும். இரவில் நிலம் விரைவாகக் குளிரும். நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் படியும். விடியலில் வளவு கூட்டிக் கொளுத்தும் தீயின் புகை அந்த மூடியைத் தாண்டாது. வேலி உயரத்தில், பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் மூக்கு உயரத்தில் அது நிற்கும். நாளின் மிகக் கெட்ட நேரமும் எமது ஊர்களில் குப்பை கொளுத்தும் வழக்கமான நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு நிபுணர் எவரும் தேவையில்லை. காலையில் ஒழுங்கையில் நடந்து பார்த்தால் போதும்.

எரிவதும் வெறும் சருகு அல்ல. சருகோடு சொப்பின் பை, லஞ்ச் சீற், பால்மாப் பொதி, யோகட் கோப்பை, பிள்ளையின் பழைய செருப்பு எல்லாம் போகின்றன. குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து டயொக்சின் போன்ற நச்சுகள் கிளம்புகின்றன. சருகின் புகை மட்டுமே ஆனாலும் அதில் 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான இந்தத் துகள் சுவாசப்பையின் அடிவரை இறங்கி இரத்தத்தில் கலக்கும். தொய்வு உள்ளவருக்கு அன்றிரவே முட்டு வரும். மற்றவர்களின் இதயத்தையும் மூளை நாளங்களையும் அது ஆண்டுக்கணக்கில் அரிக்கும். வெளிக்காற்று மாசு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2013இலேயே வகைப்படுத்திவிட்டது.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. பிளாஸ்டிக், பொலித்தீன் உட்பட எரியக்கூடிய கழிவுகளைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான வர்த்தமானி 2017 செப்டெம்பரில் தடைசெய்தது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்த அதே ஆண்டு அது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகள், சேகரித்த குப்பை சபையின் உடைமை என்கின்றன. அதை அகற்றுவதும், எவருக்கும் தொல்லையாகாமல் முடிவுகட்டுவதும் சபையின் கடமை என்கின்றன. நகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் இதே கடமை வேறு சட்டங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, தெருவோரத்தில் கூட்டிக் குவித்த குப்பையில் நெருப்பு எரிந்தால் அது சபையின் உடைமையில் எரியும் நெருப்பு. வைத்தவர் யார் என்று சபை எம்மிடம் கேட்கக்கூடாது. நாம்தான் சபையிடம் கேட்க வேண்டும்.

கல்லுண்டாய் வெளியைப் பாருங்கள். நகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்காக அங்கே கொட்டப்படுகிறது. அங்கே மீண்டும் மீண்டும் தீப்பிடிக்கிறது. காற்று ஒரு பக்கம் வீசினால் காக்கைதீவு. மறுபக்கம் திரும்பினால் நவாலி, ஆனைக்கோட்டை. எந்தக் காற்றுக்கும் யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு இரவைக் கழிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தீக்கும் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. தானாகப் பற்றியது என்பது ஒன்று. இனந்தெரியாதோர் வைத்தனர் என்பது மற்றது. முதலாவது உண்மையானால், உக்கும் கழிவையும் உக்காததையும் கலந்து, மண் மூடாமல், மீதேன் வாயு சேரும்படி குவித்த குற்றம் சபையுடையது. இரண்டாவது உண்மையானால், வேலியும் காவலாளியும் இல்லாமல் விட்ட குற்றமும் சபையுடையதே. எந்த விளக்கத்தைச் சொன்னாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறவில்லை.

மக்கள் பிரதிநிதிகள் இல்லை, அதிகாரிகள் மட்டும் என்ன செய்வது என்று முன்பு சொன்னார்கள். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின் அந்தச் சாட்டு இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகள் அமைந்துவிட்டன. வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்தவர்கள் இப்போது கதிரையில் இருக்கிறார்கள். இனி அந்தச் சாட்டு செல்லாது.

ஆளணி இல்லை, வாகனம் இல்லை, நிதி இல்லை என்பது அடுத்தது. நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாட்களும் இதே மாநகர சபை இதே ஆளணியோடு என்ன செய்கிறது என்பதை ஊரே பார்க்கிறது. வீதிகள் மறிக்கப்படுகின்றன, கழிவு உடனுக்குடன் அள்ளப்படுகிறது, பிரதட்டை செய்பவர்களின் உடம்பு நோகக்கூடாதென்று பவுசரில் தண்ணீர் தெளிக்கப்படுகிறது. ஒழுங்கு குலைந்தால் ஊர் சும்மா விடாது என்ற பயம் அந்த 25 நாளும் வேலை வாங்குகிறது. முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூச்சுவிடும் காற்றுக்கும் அதே பயம் சபைக்கு வர வேண்டும்.

குப்பையில் பெரும்பகுதி எரிக்க வேண்டிய பொருளே அல்ல. குடாநாட்டு விவசாயி காவோலையையும் பூவரசங்குழையையும் தோட்டத்து மண்ணில் தாழ்த்துப் பயிர் செய்தவர். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அந்தக் குழைதான் உயிர் கொடுத்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது சேதனப் பசளைக்காக இதே மாவட்டத்தின் கமக்காரர் அலைந்தார்கள்; அன்றும் ஒழுங்கைகளில் சருகு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு கூட்டுப்பசளைக் கிடங்கு, கிழமைக்கு ஒருநாள் சருகுக்கென்று ஓர் உழவு இயந்திரம். இதற்குக் கொழும்பின் அனுமதியும் உலக வங்கியின் கடனும் தேவையில்லை.

பொதுமக்களையும் விட்டுவிட முடியாது. வளவைக் கண்ணாடிபோல் கூட்டிவைப்பது எமது பெருமை. கூட்டியதைக் கொளுத்தி அயல்வீட்டு முதியவரின் நெஞ்சுக்குள் அனுப்புவதில் என்ன பெருமை? தன் பிள்ளைக்கு நெபுலைசர் வாங்கி வைத்திருக்கும் வீட்டிலேயே காலையில் பொலித்தீன் எரிகிறது. வைத்தியர் கேட்டால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். பனி மீது பழி போடும் வீடும் வாடை மீது பழி போடும் அலுவலகமும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன.

மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் நீர் கெட்டபோது என்ன நடந்தது என்பது அதற்கு நினைவிருக்க வேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அலுவலகங்கள் ஒன்றையொன்று கை காட்டின. கடைசியில் உயர் நீதிமன்றம் 2019இல் அங்கிருந்த மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தும்படி உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த மண்ணிலேயே நிலைநாட்டப்பட்டது. நீருக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. காற்றுக்கும் அப்படித்தான் போக வேண்டுமா? கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குள் நுழையும் வாகனத்தின் கண்ணாடியில் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஒட்டியிருக்கிறது. அதைக் கொடுத்தவரை யார் விசாரித்தார்கள்?

அளவுகோலிலும் கோளாறு இருக்கிறது. இலங்கையின் காற்றுத் தர நியமம் 2008இல் திருத்தப்பட்டது. நுண்துகளுக்கு 24 மணிநேரச் சராசரியாக கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமும், ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமும் அது அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டி அளவுகளை முறையே 15, 5 என இறக்கிவிட்டது. ஒரு நாளுக்கு மூன்று மடங்குக்கும் மேல், ஓர் ஆண்டுக்கு ஐந்து மடங்கு நஞ்சை ‘நியமத்துக்கு உட்பட்டது’ என்று எழுதிக் கொடுக்கும் சட்டம் யாரைக் காக்கிறது?

டெல்லியிடம் பேச வேண்டியதும் உண்டு. வடக்கின் அரசியல்வாதிகள் இழுவைப் படகுகளைப் பற்றி இந்தியத் தலைவர்களிடம் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். கடலில் வரும் படகைக் காண்பவர்கள் அதே கடலைக் கடந்து வரும் புகையைப் பற்றி வாய் திறப்பதில்லை. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய மாலே பிரகடனம் 1998இல் ஏற்கப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. கட்டுப்படுத்தும் வலுவில்லாத அந்தப் பிரகடனம் கோப்பில் உறங்குகிறது. தென்கிழக்காசிய நாடுகள் நமக்குப் பின் 2002இல் உடன்படிக்கை செய்து அடுத்த ஆண்டே நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அங்கும் புகை முற்றாக நின்றுவிடவில்லை. ஆனாலும் சிங்கப்பூர் 2014இல் தனிச் சட்டமே இயற்றி, வெளிநாட்டில் காடு எரிக்கும் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர வழி செய்தது. நாமோ முகக்கவசம் அணியச் சொல்கிறோம்.

கண்டனத்தோடு நிறுத்தமாட்டோம். அடுத்த வாடைக்கு முன் நடந்தாக வேண்டியவை இவை.

முதலாவது, குடாநாட்டின் ஒவ்வொரு சபையும் ஒக்டோபர் முதல் பெப்ரவரி இறுதிவரை எரிப்புத் தடைக் காலத்தைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். முறைப்பாட்டுக்குத் தொலைபேசி இலக்கம் தர வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பொலிஸாரும் வழக்குத் தொடர வேண்டும். முதல் வழக்கு ஏழை வீட்டு வாசலில் தொடங்கக்கூடாது; சபையின் குவியலில் தீ எரிந்தால் அதற்குப் பொறுப்பான அதிகாரியிடம் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, கல்லுண்டாய்க்கு வேலி, இரவுக் காவல், மண் மூடல், தயார் நிலையில் தண்ணீர் பவுசர் ஆகியவை உடனடியாக வேண்டும். தரம் பிரிக்காத குப்பை அங்கு போவது எப்போது நிற்கும் என்ற திகதியை மாநகர சபை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, காற்றின் எண் எந்த அளவைத் தொட்டால் காலைப் பிரார்த்தனை வகுப்பறைக்குள் நடக்கும், எந்த அளவில் விளையாட்டு நிறுத்தப்படும், எந்த அளவில் பாடசாலை மூடப்படும் என்பதை மாகாணக் கல்வித் திணைக்களம் முன்கூட்டியே தமிழில் அறிவிக்க வேண்டும். கடைசி இரவில் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை இனிக் கூடாது.

நான்காவது, யாழ். போதனா வைத்தியசாலைக்கும் ஆதார வைத்தியசாலைகளுக்கும் சுவாசக் கோளாறோடு வருவோரின் எண்ணிக்கையை, அந்தந்த நாள் காற்றின் எண்ணோடு சேர்த்து, சுகாதாரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். கணக்கு வெளியே வந்தால்தான் மெத்தனம் வெளியே தெரியும்.

ஐந்தாவது, 2008ஆம் ஆண்டு நியமத்தைத் திருத்தும் வேலையைச் சுற்றாடல் அமைச்சு தொடங்க வேண்டும். மாலே பிரகடனத்துக்கு உயிர் கொடுக்கும்படி வெளிவிவகார அமைச்சு டெல்லியிடம் கேட்க வேண்டும். இவற்றை நாடாளுமன்றத்தில் எழுப்புவது வடக்கின் உறுப்பினர்களுடைய வேலை. மாகாண சபை 2018இல் காலாவதியான பிறகு மாகாணத்தின் நிர்வாகம் ஆளுநரின் கையில் இருக்கிறது. திணைக்களங்களை ஒரு மேசையில் இருத்தி வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நியமத் திருத்தத்தையும் டெல்லிப் பேச்சையும் தவிர, மற்றதெல்லாம் யாழ்ப்பாணத்திலேயே, ஏற்கனவே இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு செய்யக்கூடியவை. செய்யாவிட்டால் அது இயலாமையாக எண்ணப்படமாட்டாது. அலட்சியம் என்றே பதியப்படும். ஒக்டோபர் முதலாம் திகதி, எந்தச் சபை தீர்மானம் நிறைவேற்றியது, எந்தச் சபை நிறைவேற்றவில்லை என்பதைத் தவிசாளர்களின் பெயர்களோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம்.